நீலக் குதிரையும் பூட்டின பீரோவும்



ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு எழுதப் போறது சினிமாவும் இல்ல, அரசியலும் இல்ல. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கற ஒரு விஷயம்: ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் எப்படிச் சொல்லித் தர்றது? கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயைக் கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கணும். இங்கிலீஷை ‘இரண்டாம் மொழி’ன்னு ஏட்டுல எழுதி வெச்சிருக்கோம். ஆனா ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில ஒண்ணாவது படிக்கிற குழந்தைக்கு அது சுத்தமான அந்நிய மொழி. பஸ்சு, பென்சிலு, ரேஷன்னு வார்த்தைகள் காதுல விழும். ஆனா ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் வீட்டுலயும் கேட்காது, தெருவுலயும் கேட்காது, டீக்கடையிலயும் கேட்காது. அது கேட்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு பீரியட்.

அந்த ஒரு பீரியட்ல நாம என்ன செய்றோம்? சி-ஏ-டி கேட், கேட்னா பூனை. டி-ஓ-ஜி டாக், டாக்னா நாய். அப்புறம் கரும்பலகையில கேள்வி பதில். குழந்தை அதை முத்து முத்தா நோட்ல எழுதிக்கும். வாசிச்சுக் காட்டச் சொன்னா கடகடன்னு ஒப்பிக்கும். “இதுக்கு என்ன கண்ணு அர்த்தம்?”னு கேட்டா மோட்டுவளையைப் பார்க்கும்.

தமிழ்ல இந்தப் பிரச்சினை ஏன் வர்றதில்ல? ‘அ’ன்னா அம்மான்னு சொல்லிக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் குழந்தை அஞ்சு வருஷம் அம்மான்னு கூப்பிட்டிருக்கு. ஆயிரக்கணக்கான மணி நேரம் தமிழைக் காதால கேட்டிருக்கு. சண்டை, தாலாட்டு, பாட்டி சொன்ன கதை, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் உள்ள போயாச்சு. எழுத்து அதுக்கு மேல வந்து உக்காருது. இங்கிலீஷ்ல நாம தலைகீழா ஆரம்பிக்கிறோம். காதுல ஒண்ணுமே இல்லாத குழந்தைக்கு முதல் நாளே எழுத்து. கணினி பாஷையில சொன்னா, டேட்டாவே இல்லாத டேபிளுக்கு இன்டெக்ஸ் போடுற வேலை.

விளைவு? பிரதம் அமைப்பு வெளியிடுற ஏசர் அறிக்கையைப் பாருங்க. கிராமப்புற இந்தியாவுல அஞ்சாம் வகுப்புக் குழந்தைகள்ல எளிய இங்கிலீஷ் வாக்கியங்களை வாசிக்க முடிஞ்சவங்க 2016-ல் 24.7 சதவீதம், 2022-ல் 24.5 சதவீதம். நடுவுல கொரோனா வந்து போனதும் உண்மைதான். ஆனா கொரோனாவுக்கு முன்னாடியே நாலுல ஒருத்தர்தான்ங்கறதையும் பார்க்கணும்.

இதோட நீட்சிதான் நானெல்லாம். 2014-ல் தமிழ் மீடியத்துல பன்னிரண்டாவது முடிச்சேன். ரெண்டு பேப்பரும் சேர்த்து இங்கிலீஷ்ல 200-க்கு 170-க்கு மேல. எஞ்சினியரிங் காலேஜ்ல முதல் வாரம் லெக்சரர் சொன்ன ஒரு வாக்கியம் புரியல. கிளாஸ்ல பாதிப் பேர் இதே கதைதான். பன்னிரண்டு வருஷம் படிச்ச ஒரு மொழி காதுல விழுந்தா அடையாளம் தெரியாம போறது பையனோட தப்பா, பாடத்தோட தப்பா?

சரி, மேட்டருக்கு வர்றேன். ஆரம்பப் பள்ளி இங்கிலீஷ் வகுப்புல கதையும் படப் புத்தகமும் சாப்பாட்டுக்கு அப்புறம் தர்ற மிட்டாய் இல்ல. அதுதான் சாப்பாடே. இதுதான் என் கட்சி.

ஏன்னு கேட்டா மூணு காரணம்.

1. படம் மொழிபெயர்ப்பு வேலையைச் செஞ்சிடுது. தவளைப் படத்தைக் காட்டி ‘ஃப்ராக்’னு சொன்னா, நடுவுல ‘அப்படின்னா தவளை’ங்கற பாலம் தேவையில்ல.

2. திரும்பத் திரும்ப வர்ற வாக்கியம் இலக்கண வேலையைச் செஞ்சிடுது. சின்னப் பசங்க கதையில ஒரே வாக்கியம் பத்துத் தடவை வரும், ஒரு வார்த்தை மட்டும் மாறும். இதையே டீச்சர் ‘பத்துத் தடவை சொல்லு’ன்னா தண்டனை. கதையில வந்தா விளையாட்டு.

3. அடுத்து என்னங்கற ஆசை மிச்ச வேலையைச் செஞ்சிடுது. பக்கத்தைத் திருப்பற வரைக்கும் குழந்தை வேற எங்கயும் பார்க்காது.

சும்மா தியரி பேசலைங்க. எங்க அக்கா ஒரு தொடக்கப் பள்ளியில டீச்சர். ஈராசிரியர் பள்ளி. அதாவது அஞ்சு வகுப்புக்கு ரெண்டே பேர். போன வருஷம் ஊர்ல இருந்து வேலை பார்த்தப்ப, அக்காகிட்ட கேட்டு ஒரு வாரம் மதியம் அரை மணி நேரம் மூணாவது பசங்களோட இருந்தேன். கையில ‘பிரவுன் பேர்’ புத்தகம். பில் மார்ட்டின் ஜூனியர் எழுதி எரிக் கார்ல் படம் போட்டு 1967-ல் வந்தது. கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஒரு மிருகம் என்ன பார்க்குதுன்னு கேள்வி, இன்னொரு கலர்ல இன்னொரு மிருகம்னு பதில். அவ்வளவுதான். பழுப்புக் கரடி, சிவப்புப் பறவை, மஞ்சள் வாத்து, அப்புறம் ஒரு நீலக் குதிரை.

நீலக் குதிரை வந்தப்பதான் கிளாஸ் ரெண்டாச்சு. “சார், குதிரை நீலமா இருக்காது சார்!” “அது பெயின்ட் அடிச்ச குதிரைடா!” “நோ ப்ளூ ஹார்ஸ் சார்!” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்ன பொண்ணு அதுக்கு முன்னாடி இங்கிலீஷ் பீரியட்ல வாயே திறந்ததில்லன்னு அக்கா அப்புறமா சொன்னாங்க. இலக்கணப்படி அரைகுறை வாக்கியம்தான். ஆனா அது அந்தப் பொண்ணோட சொந்த வாக்கியம். ஒப்பிச்சது இல்ல, ஆட்சேபிச்சது. மொழின்னா அதானே?

நாலாவது நாள் பசங்களே அவங்க புத்தகம் பண்ணினாங்க. பிளாக் எருமை, வொயிட் கொக்கு, கிரீன் கிளி. ‘எருமைக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?’னு அவங்களா கேட்டப்பதான் ‘பஃபலோ’ன்னு சொன்னேன். கேட்டு வாங்கின வார்த்தை மறக்காது.

ஒரு வாரத்துல எல்லாரும் இங்கிலீஷ்ல பொளந்து கட்டினாங்கன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றது ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரம் :-) ஆனா வாய் திறந்துச்சு. அது போதும் ஆரம்பத்துக்கு.

“ஒரு கிளாஸ்ல நடந்ததை வெச்சு ஊருக்கு உபதேசமா?”ன்னு கேட்பீங்க. நியாயம். பெரிய அளவுல நடந்தது ஒண்ணு சொல்றேன். இடம்: பிஜி. ஆமாங்க, கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்ட அதே பிஜி. அங்க கிராமப்புறப் பள்ளிகள்ல புத்தகமே அபூர்வம். இங்கிலீஷ் வகுப்புன்னா வாக்கிய அமைப்புகளை வாயால உருப்போடுறது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் எட்டுப் பள்ளிகள்ல நாலாவது, அஞ்சாவது படிக்கிற 380 பசங்களுக்கு, வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகம்னு கொடுத்துப் பார்த்தாங்க. சில வகுப்புகள்ல டீச்சரும் பசங்களும் சேர்ந்து ஒரே புத்தகத்தை வாசிச்சுப் பேசினாங்க. சிலதுல பசங்க தானா அமைதியா வாசிச்சாங்க. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் 234 பசங்க, வழக்கமான பாடத்தோட.

எட்டு மாசம் கழிச்சு சோதிச்சா, கதை படிச்ச பசங்க வாசிச்சுப் புரிஞ்சுக்கறதுலயும் கேட்டுப் புரிஞ்சுக்கறதுலயும் ரெண்டு மடங்கு வேகத்துல முன்னேறியிருந்தாங்க. இருபது மாசம் கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் இன்னும் கூடி, மத்த மொழித் திறன்களுக்கும் பரவியிருந்தது. இந்த ஆய்வு வெளியானது 1983-ல். நாப்பது வருஷம் ஆச்சு. நாம இன்னும் சி-ஏ-டி கேட்.

இதையெல்லாம் அக்காகிட்ட உற்சாகமா சொன்னேன். கிடைச்ச பதில்:

“டேய் தம்பி, நீ லேப்டாப்பை மூடிட்டு அரை மணி நேரம் வந்து கதை சொல்லிட்டுப் போயிடுவ. நான் மூணு வகுப்பை ஒரே ரூம்ல வெச்சுக்கிட்டு, ரெஜிஸ்டர் எழுதி, ஆன்லைன்ல பதிவேத்தி, பாடத்தையும் முடிக்கணும். புத்தகம் தொலைஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல யாரு பதில் சொல்றது? உங்க மாமாவா?”

மாமா பாவம் :-) ஆனா அக்கா சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை. அதனால ஒண்ணொண்ணா பார்ப்போம்.

மூணு வகுப்பு ஒரே ரூம்ல இருந்தா கதை கஷ்டமா? எனக்கென்னவோ பாடப் புத்தகம்தான் கஷ்டம்னு தோணுது. மூணு வகுப்புக்கு மூணு பாடம் நடத்தணும். கதைன்னா மூணு வகுப்புக்கும் ஒண்ணே போதும். ஒண்ணாவது குழந்தை படம் பார்க்கும், மூணாவது குழந்தை வாக்கியம் வாசிக்கும்.

‘டீச்சருக்கே இங்கிலீஷ் தடுமாறுது’ங்கறது அடுத்த வாதம். படப் புத்தகத்துல மொத்தமே பத்துப் பதினஞ்சு வாக்கியம்தான். முதல் நாள் ராத்திரி நாலு தடவை வாசிச்சுப் பார்த்தா போதும். இருபது கதை முடிக்கிறப்ப டீச்சருக்கும் சரளம் வந்திருக்கும்.

‘வெளிநாட்டுக் கதை நம்ம பசங்களுக்கு ஒட்டுமா?’ நல்ல கேள்வி. எரிக் கார்லோட பசிச்ச கம்பளிப்புழுக் கதையை (1969) எடுத்துக்கோங்க. கிழமை, எண், பழம் மூணும் ஒரே கதையில வந்துடும். ஆனா சனிக்கிழமை அந்தப் புழு தின்கிற சலாமியையும் சுவிஸ் சீஸையும் நம்ம பையனுக்கு விளக்கறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும். அதனால நம்ம ஊர்க் கதையும் வேணும். சென்னை தூலிகா பதிப்பகம் 1996-லேர்ந்து இயங்குது. தமிழும் இங்கிலீஷும் ஒரே புத்தகத்துல இருக்கற படக்கதைகள் போடுறாங்க. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல படக்கதைகள் இலவசம். இறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், எல்லாத்துக்கும் அனுமதி உண்டு. முடி வெட்டிக்க அலையற சிருங்கேரி சீனிவாசன் கதையை மட்டும் பாருங்க. சலூனுக்கும் புலிக்கும் விளக்க உரை தேவையில்ல.

‘இங்கிலீஷ் கதை படிச்சா தமிழ் போயிடும்’னு பயப்படுறவங்களுக்கு: முதல்ல அதே கதையைத் தமிழ்லயே சொல்லுங்க. கதை தெரிஞ்ச குழந்தைக்கு இங்கிலீஷ்ல கேட்கும்போது பாதி பாரம் குறைஞ்சிடும். தமிழ் இங்க எதிரி இல்ல, ஏணி. ஆனா இங்கிலீஷ்ல வாசிக்கும்போது ஒவ்வொரு வரியையும் நிறுத்தி அர்த்தம் சொல்லாதீங்க. தமிழ் வரப்போகுதுன்னு தெரிஞ்சா எந்தக் குழந்தையும் இங்கிலீஷைக் காதுல வாங்காது. டப்பிங் படத்துக்கு யாராவது சப்டைட்டில் படிப்போமா?

ஒண்ணு ஒத்துக்கணும். கதை மட்டும் போதாது. எந்த எழுத்துக்கு என்ன ஒலிங்கறதைத் தனியா சொல்லிக் கொடுத்துத்தான் ஆகணும். ஆனா காதுல நூறு வாக்கியம் ஏறின குழந்தைக்கு அதைச் சொல்லித் தர்றது சுலபம்.

கடைசியா பீரோ. என் பார்வையில பெரிய வில்லன் இதுதான். ஹெச்.எம். ரூம்ல பச்சைக் கலர் இரும்பு பீரோ. உள்ள புத்தகம் புத்தம் புதுசா, அட்டை கசங்காம இருக்கும். வெளியில எடுத்தா கிழியும், கிழிஞ்சா ஆடிட். அதனால பூட்டு. டீச்சரைக் குத்தம் சொல்ல மாட்டேன். கிழிஞ்ச புத்தகத்தை நஷ்டக் கணக்குல எழுதற ஏற்பாடுதான் தப்பு. அஞ்சாறு வயசுக் குழந்தை கையில இருக்கற புத்தகம் கிழியத்தான் செய்யும். சாக்பீஸ் தேய்ஞ்சா யாராவது விளக்கம் கேட்கிறோமா? படப் புத்தகமும் சாக்பீஸ் மாதிரி தீர்ந்து போற பொருள்னு ஒரு உத்தரவு போட்டா பாதி பீரோ தானா திறந்துடும்.

நம்ம அரசாங்கத்துக்கு இது செய்யத் தெரியாததும் இல்ல. ஒண்ணாவதுலேர்ந்து மூணாவது வரைக்கும் 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ கொண்டு வந்தாங்க. 2023-ல் ‘வாசிப்பு இயக்கம்’ ஆரம்பிச்சு நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியில சின்னச் சின்னத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் போட்டாங்க. அருமையான முயற்சி. அதே மாதிரி, அதே நாலு படியில, இங்கிலீஷ் படக்கதைகளும் வேணும். தினமும் இருபது நிமிஷம். பரீட்சை கிடையாது, கேள்வி பதில் கிடையாது, மார்க் கிடையாது. 2012-13-ல் அரசுப் பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் பிரிவு திறந்தப்ப போர்டு மாறுச்சு. காதுல விழற இங்கிலீஷ் மாறினதா எனக்குத் தெரியல.

வசதியான வீட்டுக் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தூங்கப் போறப்ப அம்மா மடியில படப் புத்தகம் இருக்கு. அரசுப் பள்ளிக் குழந்தைக்குப் பாடப் புத்தகம் மட்டும்தான் புத்தகம். பத்து வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே இன்டர்வியூல பக்கத்துப் பக்கத்து சேர்ல உக்காருவாங்க. அப்ப ஒருத்தனுக்கு நாக்கு வறண்டு போறதை ‘கம்யூனிகேஷன் ஸ்கில் பத்தாது’ன்னு ரெண்டு வார்த்தையில எழுதி முடிச்சிடுவோம். அந்த இன்டர்வியூ பேனல்ல உக்கார்ற வயசுக்கு இப்ப நாமளே வந்தாச்சு மக்களே.

பின்னூட்டத்துல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, டீச்சரா இருக்கறவங்க, நான் எங்க தப்பா பேசறேன்னு தாராளமா கும்முங்க. ரெண்டு, நம்ம பசங்களுக்கு ஒட்டுற மாதிரி படக்கதை தெரிஞ்சா பேர் போடுங்க. பட்டியல் சேர்ந்ததும் அச்சடிச்சு அக்கா பள்ளிக்குக் கொடுக்கிறதா இருக்கேன்.

பி.கு: அச்சடிக்கிற பிரதியை ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தவே கூடாதுங்கறது அக்காவோட கண்டிஷன் :-)