ஓதினால் மட்டும் போதுமா?



"நமக்கு ஓதத் தெரிந்தால் போதும், பொருள் சொல்வது ஆலிம்கள் வேலை" என்று நம் உறவுகளிலேயே பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இவர்கள் சிந்திக்க மாட்டார்களா என்று குர்ஆனே 4-ஆவது, 47-ஆவது சூராக்களில் கேட்கிறது. அந்தக் கேள்வி ஆலிம்களுக்கு மட்டுமானதாக எனக்குத் தெரியவில்லை.

நம்ம அரிமளத்தில் பஸ் ஏறினால் புதுக்கோட்டை. அங்கேதான் 'ஸ்டெப்ஸ்' அமைப்பை நடத்திய தாவூத் ஷரீஃபா கானம், தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். தலாக், வரதட்சணை என்று வழக்கு வந்தால் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பேசுவார்கள். பாதிக்கப்பட்ட பெண் வெளியே நிற்பாள். இதை மாற்றிப் பெண்களே கூடி விசாரித்தார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் இதை ஆவணப்படமாகவே எடுத்தார். (பெண்களுக்குத் தனிப் பள்ளிவாசல் என்ற ஷரீஃபாவின் யோசனையில் எனக்குத் தயக்கம் உண்டு. அது வேறு பேச்சு.)

அந்தப் பெண்களின் கேள்வியோடு குர்ஆனைத் திறந்து பாருங்கள். கணவன் மனைவிக்குள் பிணக்கு என்றால் இரு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கொரு நடுவர் வேண்டும் என்கிறது 4:35. இத்தாவைக் கணக்கிடுங்கள், அதற்குள் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள், நேர்மையான இரண்டு சாட்சிகளை வையுங்கள் என்கிறது 65-ஆவது சூரா. இவ்வளவையும் சேர்த்து வாசித்தவருக்கு, ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்லி முடிப்பது எப்படிச் சரியாகப்படும்? உச்ச நீதிமன்றம் 2017-இல்தான் அது செல்லாது என்றது.

ஆளாளுக்குப் பொருள் சொன்னால் குழப்பம் வராதா என்பீர்கள். வரும். வாட்ஸ்அப்பில் ஒற்றை ஆயத்தை வெட்டி அனுப்புகிறார்களே, அதுதான் குழப்பம். சிகாகோவில் பேராசிரியராக இருந்த ஃபஸ்லுர் ரஹ்மான் 1982-இல் எழுதிய நூலில் ஒரு வழி சொன்னார்: முதலில் அந்தக் காலத்துக்குப் போய், வசனம் எந்தச் சிக்கலுக்கு விடை தந்தது, அதன் நோக்கம் என்ன என்று பார், பிறகு அந்த நோக்கத்தோடு உன் காலத்துக்குத் திரும்பி வா. அமீன் அஹ்ஸன் இஸ்லாஹியோ ஒவ்வொரு சூராவையும் ஒரே பேச்சாக முழுமையாக வாசிக்கச் சொன்னார். இரண்டுக்கும் பொறுமை வேண்டும். அரபு இலக்கணத்துக்கு ஆலிமிடம் போகத்தான் வேண்டும், நானும் போகிறேன்.

அப்துல் ஹமீத் பாகவி ஹஜ்ரத்தின் தமிழ் தர்ஜுமா நம் வீடுகள் பலவற்றில் அலமாரியிலேயே இருக்கிறது. 65-ஆவது சூரா 12 ஆயத்துகள்தான். இந்த வெள்ளிக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதை முழுசாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் முதலில் பெண்பிள்ளைகள் பேசட்டும்.