கதியாலை நகர்த்தும் அரசுகள்

யாழ்ப்பாணத்து நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய எவருக்கும் எல்லை வழக்கு இன்னதென்று விளக்கவேண்டுவதில்லை. வேலி அடைக்குங் காலத்தில் ஒரு கதியால் ஒரு சாண் தள்ளி நடப்படுகின்றது. அடுத்த வருடம் இன்னொரு சாண். பத்தாண்டு கழிந்தபின் உறுதியை விரித்துப் பார்த்தால், எழுத்திலுள்ள காணி ஓரளவாகவும் நிலத்திலுள்ள காணி வேறோரளவாகவும் இருக்கக் காண்கின்றோம். இத்தகைய வழக்குகளிலே வாழ்நாளின் நற்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கதியாலை நகர்த்தியவன் ஒருபோதும் தான் பிறர் நிலத்தைக் கவர்ந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. "பழைய எல்லை பிழையாக இடப்பட்டது; யான் அதனைத் திருத்தினேன்" என்றே சாதிப்பான்.

இதே வாதத்தை ஓர் அரசாங்கம் எடுத்துரைக்க, உலக நாடுகளின் குழுவொன்று அதனை ஏற்றுக்கொண்ட வரலாறும் உண்டு. அது மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நிம்பா மலையின் வரலாறு.

கினி, ஐவரி கோஸ்ட், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளும் கூடும் இடத்தில், சூழ்ந்த புல்வெளிக்கு மேலாக 1,752 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பது நிம்பா. அதன் கினிப் பகுதியும் ஐவரி கோஸ்ட் பகுதியும் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1944 ஆம் ஆண்டில், எவரும் கைவைக்கலாகாத காப்பகமாக்கப்பட்டன. கினிப் பகுதி 1981 இலும், ஐவரி கோஸ்ட் பகுதி 1982 இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று பட்டியலிலுள்ள பரப்பு 17,540 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 43,000 ஏக்கர். லைபீரியப் பக்கத்து மலை அப்பட்டியலில் இல்லை. அந்நாடு 2003 இல் கிழக்கு நிம்பா என்னும் காப்பகமொன்றைத் தன் பக்கத்தில் அமைத்தது.

அம்மலையில் அப்படி என்ன இருக்கின்றது என்று கேட்போர் உளர். அதன் உச்சிப் புல்வெளிகளில் ஒரு சிறு தேரை வாழ்கின்றது. மற்றைத் தேரைகளைப் போல அது நீரில் முட்டையிடுவதில்லை. வறட்சிக் காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கியிருந்து, ஒன்பது மாதம் வயிற்றிற் சுமந்து, மழை வந்தபின் உயிருள்ள குஞ்சுகளை ஈனுகின்றது. உலகில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. மலையடிவாரத்துப் போசு என்னும் ஊரில், எண்ணெய்ப் பனையின் கொட்டையைக் கல்லின்மேல் வைத்துக் கல்லால் உடைத்துண்ணும் சிம்பன்சிக் கூட்டத்தை யப்பானிய அறிஞர்கள் 1976 முதல் ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வூர் மனோன் மக்கள் அவ்விலங்குகளைத் தம் முன்னோரோடு சேர்த்து வணங்கிக் காத்தனர். ஆயினும் கமக்காரராகிய நம் வாசகர்களுக்கு இவற்றினும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. நிம்பா ஒரு நீர்த்தொட்டி. கவாலி ஆறு அங்கே கினியில் ஊற்றெடுத்து, ஐவரி கோஸ்டினுட் புகுந்து, பின் அந்நாட்டுக்கும் லைபீரியாவுக்கும் எல்லையாக ஓடி, அத்திலாந்திக் சமுத்திரத்தை அடைகின்றது. மேட்டிற் கலங்கிய நீர் வயலுக்குத் தெளிந்து வராது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தப் புல்வெளியின் கீழேயே உயர்ரக இரும்புக் கனியம் கிடக்கின்றது. மலையின் செல்வமும் அதுவே, சாபமும் அதுவே.

இரும்பை எடுத்தால் மலை என்னாகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. எல்லைக்கப்பால் லைபீரியாவில், அமெரிக்க – சுவீடன் மூலதனத்தோடு அமைந்த கம்பெனியொன்று 1963 முதல் நிம்பாவைத் தோண்டிற்று. யெகெப்பா என்னும் நகரம் காட்டுக்குள் எழுந்தது. அங்கிருந்து புக்கானன் துறைமுகம் வரை ஏறத்தாழ 270 கிலோமீற்றருக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. சிகரமாயிருந்த இடம் குழியாயிற்று. 1989 இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது; 1990களின் தொடக்கத்தோடு தோண்டலும் ஓய்ந்தது. நீர் நிறைந்த குழியும் வெட்டுண்ட மலையுமே அங்கே எஞ்சின. 2005 இல் வேறொரு பெருங் கம்பெனியோடு ஒப்பந்தமாகி, 2011 முதல் அம்மாவட்டத்து இரும்பு மீண்டும் அதே பாதையிற் கப்பலுக்குப் போகின்றது. கினிப் பக்கத்து இரும்பையும் லைபீரியா வழியாகவே ஏற்றுமதி செய்ய, 2019 இல் அவ்விரு அரசாங்கங்களும் உடன்பட்டன.

இனிக் கதியாலின் கதைக்கு வருவோம். கினிப் பக்கத்திலும் சுரங்கம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, மரபுரிமைக் குழு 1992 இல் நிம்பாவை அபாயத்துக்குள்ளானவற்றின் பட்டியலிற் சேர்த்தது. மறு வருடம் நிபுணர் குழுவொன்று அங்கு சென்றது. முதலில் அனுப்பப்பட்ட எல்லை தெளிவற்றது என்பது வாதமாயிற்று. முடிவில் எல்லை திருத்தி வரையப்பட்டது. 1,550 ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ 3,800 ஏக்கர், மரபுரிமை நிலத்தினின்றும் பிரிக்கப்பட்டுச் சுரங்கத்துக்கென ஒதுக்கப்பட்டது. பிரிக்கப்பட்டது எந்த மூலை? ஓரத்துக் காடா, பயனற்ற தரிசா? இரும்பு கிடக்கும் முகடே பிரிக்கப்பட்டது! உறுதியிற் பிழை இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிழை கனியம் இருந்த இடத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்றால், அனுபவமுள்ள நீதவான் ஒருவர் புருவத்தை உயர்த்தாமல் இருப்பாரா?

அன்று தொடக்கம் இன்றளவும் நிம்பா அபாயப் பட்டியலிலேயே இருக்கின்றது. பிரிக்கப்பட்ட துண்டு காப்பகத்துக்கு வெளியே உள்ளது என்பது கடதாசியில் மெய்யே. ஆனால் முகட்டில் வெடிக்கும் வெடி கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. மழையில் கரைந்திறங்கும் மண்ணும் வரைபடத்தை வாசிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1972 ஆம் ஆண்டின் உலக மரபுரிமை உடன்படிக்கையின் நான்காம் உறுப்புரை, தன் மண்ணிலுள்ள மரபுரிமையைக் காத்து வருஞ் சந்ததிக்கு ஒப்படைக்கும் கடமையை ஒவ்வோர் அரசுக்கும் விதிக்கின்றது. ஆறாம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. பிற நாட்டு மண்ணிலுள்ள மரபுரிமைக்கு நேராகவோ மறைமுகமாகவோ கேடு விளைக்கக்கூடிய எச்செயலையும் வேண்டுமென்று செய்வதில்லை என ஒவ்வோர் அரசும் அதில் வாக்களித்துள்ளது. கினி 1979 இலும், ஐவரி கோஸ்ட் 1981 இலும், லைபீரியா 2002 இலும் இவ்வுடன்படிக்கையை ஏற்றன. ஆகவே கினியின் துண்டில் வெட்டும் மண்வெட்டி ஐவரி கோஸ்டின் காட்டையும் நீரையும் தொடுமாயின், அது கினியின் வீட்டு விவகாரம் மாத்திரம் அன்று. ஆர்ஜென்டீனாவுக்கும் உருகுவேக்கும் இடையே எழுந்த ஆற்று வழக்கிலே, எல்லை கடந்து பெருங்கேடு விளைக்கக்கூடிய கைத்தொழிலுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு செய்தல் பொதுச் சர்வதேசச் சட்டப்படியே கடமையாகும் என்று சர்வதேச நீதிமன்றம் 2010 இல் தீர்த்துரைத்ததும் இங்கே நினைக்கத்தக்கது.

மறுதரப்பு வாதத்தைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் நம் தொழிலுக்கு ஒவ்வாது. கினி வறிய நாடு. தன் நிலத்துச் செல்வத்தை எடுக்காதே என்று அந்நாட்டு மக்களுக்கு உபதேசம் செய்ய, தம் நாட்டுக் காடுகளை என்றோ வெட்டித் தீர்த்த தேசங்களுக்கு என்ன அருகதை என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. பாதையின் விடயமும் அப்படியே. கினியின் லோலாவையும் ஐவரி கோஸ்டின் டனானேயையும் இணைக்கும் பாதையைத் தார் வீதியாக்கும் திட்டத்தால் காப்பகத்துக்குக் கேடு வரும் என்ற அச்சம் எழுந்தது. ஆனால் மழைக்காலச் சேற்றிற் புதையும் பாதையில் விளைபொருளைச் சந்தைக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணை ஆசுப்பத்திரிக்கும் கொண்டுசெல்பவன் அவ்வீதியை வேண்டாமென்பானா? அவனுக்கு அது வேண்டும். அதே வீதியில் மரம் அரிவோனும், இறைச்சிக்காகக் காட்டு விலங்கைக் கொல்லும் வியாபாரியும் வருவர் என்பதும் உண்மை. ஆகவே வீதி கூடாது என்பது என் வாதமன்று. காப்பகத்தை விலக்கிச் செல்லும் தடம், காட்டுக்குட் பிரியும் கிளைப்பாதைகளுக்குத் தடை, வாகனங்களைச் சோதிக்கும் காவல் நிலையம் என்பன முதலில் எழுத்தில் ஏறவேண்டும். தார் அதன்பின் ஊற்றப்படலாம்.

இரும்பின் விடயம் அத்தகையதன்று. வீதியை வளைத்துப் போடலாம். வெட்டிய சிகரத்தை மீண்டும் வைக்க முடியாது. கனியம் கப்பலேறியபின் ஊராருக்கு எஞ்சுவது என்ன என்பதற்கு யெகெப்பா சாட்சி.

"எங்கோ ஆபிரிக்காவிலுள்ள மலைக்காக இலங்கைத் தமிழன் ஏன் கவல்கின்றான்?" என்பீர்களாயின், மூன்று காரணம் கூறுவேன். முதலாவது, இலங்கையும் 1980 முதல் அவ்வுடன்படிக்கையிற் பங்காளி. 1988 இல் சிங்கராசக் காடும், 2010 இல் மத்திய மலைநாடும் அதே பட்டியலில் ஏறின. நிம்பாவில் எல்லை நகர்த்தப்பட்டதை நியாயமென்று ஒப்புக்கொண்டால், நாளை இவற்றின் கீழே ஏதேனும் கண்டுபிடிக்கப்படும்போது நாம் எந்த நியாயத்தைப் பேசுவோம்?

இரண்டாவது, எல்லை நகர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஓமான் நாடு காட்டிற்று. 1994 இல் பட்டியலில் ஏறிய அரேபிய ஒரிக்ஸ் மான் சரணாலயத்தின் பரப்பில் 90 வீதத்தை அந்நாட்டு அரசாங்கம் எண்ணெய் வளத்தை நாடிக் குறைத்துவிட்டது. 1996 இல் 450 ஆக இருந்த மான்கள் 65 ஆகச் சுருங்கின. 2007 இல் அவ்விடமே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உலகில் அவ்வாறு நீக்கப்பட்ட முதலாவது இடம் அதுவே.

மூன்றாவது, இவ்வாறான வழக்கைக் கமக்காரர் வென்ற நாடு நம் நாடு. எப்பாவலப் பொசுபேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பெனியொன்றின் பங்குடன் தோண்ட அரசாங்கம் முனைந்தபோது, அவ்வூர்க் கமக்காரர் முதலிய எழுவர் உயர் நீதிமன்றம் ஏறினர். அவர்களுள் ஒரு விகாராதிபதியும் இருந்தார். வயலும் வீடும் புராதன நீர்ப்பாசன வாய்க்காலும் அழியும் என்பது அவர்கள் முறைப்பாடு. இயற்கை வளத்துக்கு அரசு பொறுப்பாளியே என்ற அடிப்படையில் நின்று, முறையான ஆய்வும் சட்டப்படியான அங்கீகாரமும் இன்றி அத்திட்டம் நடைபெறலாகாதென 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் தடுத்தது. ஏழு பேர் எழுந்து நின்றமையால் ஒரு பிரதேசம் பிழைத்தது.

நிம்பாவைச் சூழ்ந்த கமக்காரருக்கும் அத்தகைய ஒரு மன்று வேண்டும். மூன்று நாடுகளும் 2008 முதல் மனோ ஆற்று ஒன்றியத்தில் ஒன்றாக இருக்கின்றன. மலை முழுவதற்கும் ஒரே உடன்படிக்கை அந்த மேசையில் எழுதப்படட்டும். மூன்று அரசும் சம்மதியாமல் எந்த எல்லையும் சுருக்கப்படலாகாது. மதிப்பீடு மூன்று நாட்டிலும் ஒருமித்து நடைபெற வேண்டும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்கள் அதிற் சாட்சி கூறவும், தவறினால் வழக்குத் தொடரவும் உரிமை பெறவேண்டும். சிகரத்தை விட்டுவைக்கும் நாட்டுக்கு, அதனாற் பயன்பெறும் உலகம் ஈடு செலுத்தவேண்டும். பங்காளி நாடு என்ற முறையில் இலங்கையின் பிரதிநிதிகள் இதனை எடுத்துரைக்கலாம். அவர்களை அவ்வாறு உரைக்கும்படி கேட்பது நம் கடமை.

அயலானின் வேலியில் கதியால் நகர்வதைக் கண்டும் காணாதவன், தன் வேலியில் அது நகரும்போது சாட்சிக்கு ஆள் தேடி அலைவான். நம் ஊரில் இதனை அறியாதார் எவருமிலர்.