ஃபார்மட்டைக் கடைசியில் பார்ப்பவர்கள்

தமிழில் ஆய்வேடு எழுதும் எல்லாருக்கும் இந்த நாட்டில் ஒரு பொது ஆசீர்வாதம் கிடைக்கும். 'நீ முதல்ல எழுதும்மா, ஃபார்மட்டெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்.' மேற்பார்வையாளர் சொல்வார், சீனியர் சொல்வார், ஏற்கெனவே பட்டம் வாங்கிய சித்தப்பா மகள் சொல்வாள். எனக்கும் மூன்று பேர் சொன்னார்கள்.

அந்தக் கடைசி எப்போது வருகிறது? ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரம் இருக்கும்போது. முந்நூறு பக்கக் கோப்பைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் இருக்கும் போட்டோஸ்டாட் கடைக்கு ஓடுகிறோம். அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்க எண், ஓரம், வரி இடைவெளி மூன்றையும் சரிசெய்து தருவார். பொருளடக்கத்தில் 87 என்று போட்ட இயல் 91இல் தொடங்கும். அடிக்குறிப்பு 40 இருக்கும், 41 காணாமல் போயிருக்கும். தேர்வாளர் வைவாவில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். நான்கு ஆண்டு உழைப்புக்கு இதுதான் முதல் மரியாதை.

ஆய்வேட்டை வடிவமைப்பது ஆய்வு முடிந்த பிறகு வரும் ஒப்பனை வேலை என்று நினைப்பது பிழை என்பதே என் வாதம். எதை மேற்கோளாகக் காட்டுகிறோம், யார் பெயரை எப்படி எழுதுகிறோம், எந்த வரிசையில் அடுக்குகிறோம், பின்னால் வருபவர் அதைத் தேடி எடுக்க முடியுமா, இவை எல்லாம் ஆய்வின் பகுதி. அதைக் கடைக்காரரிடம் கொடுப்பது ஆய்வில் ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் கொடுப்பதுதான்.

லேடெக் போன்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருள் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நீங்கள் எழுத்தைத் தடிமனாக்கி, நடுவில் நிறுத்தி, பெரிதாக்கி 'தலைப்பு மாதிரி' ஆக்குவதில்லை. 'இது இயல் தலைப்பு', 'இது மேற்கோள்', 'இது அட்டவணை' என்று அடையாளம் மட்டும் கொடுக்கிறீர்கள். எண் போடுவது, பொருளடக்கம் கட்டுவது, 'மேலே மூன்றாம் இயலில் கண்டபடி' என்ற இடத்தில் சரியான எண்ணை வைப்பது எல்லாம் அதன் வேலை. நடுவில் ஓர் இயலைத் தூக்கி எறிந்தாலும் எண்கள் தாமாக மாறிக்கொள்ளும். வேர்டிலும் இதில் பாதி உண்டு. நடை வரையறை, தானியங்கிப் பொருளடக்கம், குறுக்குச் சுட்டு எல்லாம் பல ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. நாம்தான் அதை ஒரு விலையுயர்ந்த தட்டச்சு இயந்திரமாகப் பாவித்து, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்கு நகர்த்துகிறோம். ஆகவே குற்றவாளிக் கூண்டில் வேர்ட் இல்லை.

இனி, பெயர்.

நம் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறது? கவிதா ஏ/பி ராமன் என்று. நூற்பட்டியல் தயாரிக்கும் பிப்டெக்கில் ரோமன் எழுத்தில் இதை அப்படியே உள்ளிட்டுப் பாருங்கள். பிப்டெக்கின் விதி எளிமையானது. நடுவில் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், அது லுட்விக் வான் பீத்தோவன் பெயரில் வரும் 'வான்' போன்ற குடும்பப் பெயர் ஒட்டு என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் வருவது குடும்பப் பெயர். முன்னால் இருப்பது சுருக்கத் தகுந்த முதற்பெயர். சுருக்கும் பாணியில் முடிவு என்ன தெரியுமா? 'ஏ/பி ராமன், கே.'

ஆய்வு செய்தவள் கவிதா. களத்துக்குப் போனவள் கவிதா. நூற்பட்டியலில் நிற்பவர் அப்பா ராமன், அதுவும் 'மகள்' என்ற ஒட்டோடு. கவிதா ஒரு புள்ளி வைத்த எழுத்தாகச் சுருங்கிவிட்டாள். ஆணுக்கும் இதே கதிதான், ஏ/எல் என்ற ஒட்டோடு. குடும்பப் பெயர் இருக்கும் சமூகத்துக்காக எழுதப்பட்ட விதி நம்மை இப்படித்தான் படிக்கும். மென்பொருளைத் திட்டி என்ன பயன்? வழி அதிலேயே இருக்கிறது: முழுப் பெயரையும் இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால் பிப்டெக் அதைப் பிரிக்காது, சுருக்காது. நான்கு குறிகள். அந்த நான்கு குறிகளை யார் போடுவார்? போட்டோஸ்டாட் கடைக்காரரா?

தமிழ் எழுத்திலேயே பெயரை உள்ளிட்டால் வேறு கூத்து. பழைய பிப்டெக் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கும். யூனிகோடின் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கோ' ஆறு பைட். முதலெழுத்தாகச் சுருக்கச் சொன்னால் அது ஒரே ஒரு பைட்டை வெட்டித் தரும். பக்கத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை விழும். இதற்காகத்தான் யூனிகோட் தெரிந்த பைபர் வந்தது.

அகரவரிசையும் அப்படியே. யூனிகோட் அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்து. 'வ'வுக்கு முன்னாலேயே 'ள', 'ழ' இரண்டும் வந்துவிடும். வெறும் குறியெண்படி அடுக்கும் கருவியிடம் சொல்லடைவைக் கொடுத்தால் அது நம் நெடுங்கணக்கை மதிக்காது. தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கும் ஏட்டில் தமிழ் அகரவரிசை தப்பாக இருப்பதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிகளையும் பார்ப்போம். 'டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இரட்டை இடைவெளி' என்பது இங்கே பலருக்கும் மனப்பாடமான வரி. டைம்ஸ் நியூ ரோமனில் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால், கணினி சத்தமில்லாமல் லதாவையோ நிர்மலாவையோ கொண்டுவந்து நிரப்பும். நாம் விதியைப் பின்பற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பின்பற்ற முடியாத ஒரு விதி அது. 12 புள்ளித் தமிழும் 12 புள்ளி ஆங்கிலமும் பக்கத்தில் ஒரே அளவாகத் தெரிவதும் இல்லை. தமிழ்ச் சொற்கள் நீளம். இருபுறமும் நேராக்கினால் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். டெக் குடும்பத்தில் தமிழுக்கான சொற்பிரிப்பு விதிக்கோப்பு இருக்கிறது, எங்கே வரியை ஒடிக்கலாம் என்று அதற்குத் தெரியும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது நம் கண்ணுக்குத் தெரியும், அதை விதியாக எழுதியும் வைக்கலாம். ஆனால் 'தமிழுக்கு எந்த எழுத்துரு, என்ன அளவு, வரி எங்கே ஒடியும்' என்று நிர்வாகத்திடம் நம் ஆட்கள் யாராவது கேட்டார்களா? எனக்குத் தெரிந்த துறை ஒன்றில் கேட்டபோது வந்த பதில்: 'இங்கிலீஷ்ல இருக்கிற மாதிரியே செஞ்சிடுங்க.'

இதெல்லாம் அழகு பற்றிய புலம்பல் என்று சிலர் சிரிக்கலாம். அப்படியானால் நூலகத்துக்குப் போவோம்.

தோட்டத் துண்டாடல், சயாம் மரண ரயில்பாதை, மூடப்பட்ட தமிழ்ப்பள்ளி, தாலாட்டு, ஒப்பாரி. நம் மக்களின் வாழ்வைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட ஆய்வுகளில் பல புத்தகமாகவே வந்ததில்லை. கெட்டி அட்டையில் தங்க எழுத்தோடு நூலக அலமாரியிலும், பிடிஎஃப்பாக எங்கோ ஒரு சர்வரிலும் இருக்கின்றன. அந்த பிடிஎஃப்பில் 'துண்டாடல்' என்று தேடிப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டியதாக இருந்தால், கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடில் தட்டியிருந்தாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 'தெ' என்பதில் கொம்பு முன்னால் தெரிகிறது, கணினி அதை மெய்க்குப் பின்னால் வைத்திருக்கிறது. பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வரைந்து வைத்தால், தேடும்போது 'தெ' கிடைக்காது. வெட்டி ஒட்டினால் கொம்பு தனியாகக் கழன்று விழும்.

இதில் டெக்கும் புனிதர் இல்லை. ஸீடெக்கில் அசல் எழுத்து வரிசையையும் பிடிஎஃப்புக்குள் பதியச் சொல்லும் ஒரு வசதி இருக்கிறது. அதை நீங்கள்தான் இயக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அந்த வரி இருந்தால் நாளைக்கு ஒரு பிள்ளை தேடும்போது உங்கள் ஆய்வு அகப்படும். இல்லாவிட்டால் அதே தலைப்பில், அதே தோட்டத்தைப் பற்றி, முதலிலிருந்து இன்னொரு ஆய்வு நடக்கும். உங்களிடம் பேசிய பாட்டி அப்போது இருக்கமாட்டார்.

இந்த இடத்தில் வழக்கமான ஒரு குரல் கேட்கும். 'நாங்க இலக்கியக்காரங்கப்பா, இந்த டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் எங்களுக்கு எதுக்கு?' இதைத் தன்னடக்கம் போலச் சொல்வார்கள். அதற்குள் ஒரு மேட்டிமை இருக்கிறது, கைவேலை செய்பவன் வேறு, சிந்திப்பவன் வேறு என்ற மேட்டிமை. நம் வரலாறே இதை ஒப்புக்கொள்ளாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது அச்சகத்தில் புரூஃப் திருத்தினார். பாடபேதமும் அடிக்குறிப்பும் அவருக்கு ஒப்பனை இல்லை, அதுவே ஆய்வு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். கணியன் மென்பொருளை உருவாக்கியவரும், இணையத்தில் தமிழ் ஏற வேண்டும் என்று 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவர்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். ஆப்பிள் கருவிகளில் வரும் தமிழ் எழுத்துருக்களில் அவர் கைவண்ணம் இருக்கிறது. இன்று நீங்கள் கைப்பேசியில் கவிதை எழுதுகிறீர்களே, அது இப்படிப்பட்டவர்கள் 'எனக்கு எதுக்கு' என்று கேட்காததால் வந்தது.

டெக் பிறந்த கதையும் அதேதான். டொனால்ட் குனூத் 1977இல் தன் கணினி நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான புரூஃபைப் பார்த்தார். எழுத்து அவ்வளவு அசிங்கம். நூல் எழுதுவதை நிறுத்திவிட்டு அச்சுக்கோக்கும் மென்பொருள் எழுத உட்கார்ந்தார். ஓராண்டில் முடியும் என்று நினைத்தது ஏறத்தாழ பத்தாண்டு இழுத்தது. தன் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிக்க அவர் விடவில்லை. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கைக் கட்டினார். 2004இல் ஜோனதன் கியூ ஸீடெக்கை வெளியிட்ட பிறகு, கணினியில் இருக்கும் எந்த யூனிகோட் எழுத்துருவையும் அப்படியே பயன்படுத்தலாம் என்றானது. தமிழுக்குக் கதவு திறந்து இருபது ஆண்டு தாண்டிவிட்டது. நாம் இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறோம்.

'கஷ்டம்' என்பார்கள். முதல் வாரம் கஷ்டம்தான். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால் முழுப் பக்கத்துக்கு எச்சரிக்கை கொட்டும். ஆனால் யாப்பிலக்கணம் படித்து, நேர் நிரை பிரித்து, தளை தட்டுகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டம் என்றால் நான் நம்பமாட்டேன். ஓவர்லீஃப் தளத்தில் எதையும் நிறுவாமல் இன்றே தொடங்கலாம். லேடெக் பிடிக்கவில்லையா, டைப்ஸ்ட் என்று இன்னும் எளிமையான ஒன்று வந்திருக்கிறது. 'என் மேற்பார்வையாளர் வேர்ட்தான் கேட்கிறார்' என்பது மட்டுமே நான் மதிக்கும் மறுப்பு. திருத்தங்களை ஓரத்தில் குறித்துப் பழகிய பேராசிரியரை ஒரே நாளில் மாற்ற முடியாது. அப்படியானால் வேர்டையாவது ஒழுங்காக, நடை வரையறையோடு, யூனிகோடில், நூற்பட்டியலைத் தனிக் கருவியில் வைத்துப் பயன்படுத்துங்கள். என் சண்டை மென்பொருளோடு இல்லை, 'கடைசியில பாத்துக்கலாம்' என்பதோடு.

துறைகளிடம் கேட்பது மூன்றுதான். ஆய்வு மாணவர் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஆவணத் தயாரிப்புக்கு ஒரு வகுப்பு வையுங்கள். தமிழ் ஆய்வேட்டுக்கென்று ஒரு மாதிரிக் கோப்பை, எழுத்துரு முதல் அகரவரிசை வரை முடிவுசெய்து, எல்லாருக்கும் திறந்து வையுங்கள். ஏ/எல், ஏ/பி பெயர்கள் நூற்பட்டியலில் எப்படி வரவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக்காட்டிய நாடு இது. ஒரு மாதிரிக் கோப்பு நம்மால் முடியாதா?

மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். துறை தரும்வரை காத்திருக்காதீர்கள். டெக்கில் தமிழுக்கான கோப்புகள் எல்லாம் திறந்தவை. பொருளடக்கத்துக்கு என்ன சொல், 'அத்தியாயமா' 'இயலா' என்பதையெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் திருத்தலாம், திருத்தத்தை அனுப்பலாம். தமிழ் படித்த நாம் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவார்?