பாட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனார். பாட்டு ஊரெல்லாம் போனது!
கடை குறைந்தும் கல்லா குறையாதது ஏன்?

பெரம்பலூர்–

மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடியவர் மீது ராஜத்துரோக வழக்கு! தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த அந்தக் கைது நடந்தது, பக்கத்தில் உள்ள திருச்சியில்.

2015 அக்டோபர் 30. பொழுது விடியும் முன்பே போலீசார் வந்தார்கள். மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனைப் பிடித்துப் போனார்கள்.

அரசே சாராயம் விற்றால் குடும்பம் என்னாகும் என்பதுதான் பாட்டின் சாரம். முதலமைச்சர் ஜெயலலிதாவையும் அது விட்டு வைக்கவில்லை. வந்தது வினை! நவம்பர் 16-ல்தான் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் பாட்டு செல்போன் செல்போனாகப் பரவி விட்டது.

உயிர்ப்பலி

அதே ஆண்டு ஜூலை 31-ல், மதுக்கடையை அகற்றக் கோரி குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரம் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மறு ஆண்டு தேர்தலில் மதுவிலக்குதான் மேடைப்பேச்சு.

2016-ல் மீண்டும் பதவி ஏற்ற அன்றே 500 கடைகளை மூட ஜெயலலிதா உத்தரவிட்டார். 2017-ல் இன்னொரு 500. 2023-ல் மேலும் 500.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மது மூலம் அரசுக்கு 2015-16-ல் வந்தது 25 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது! விலையும் வரியும் ஏறியது ஒரு காரணம். குடிக்கிறவன் அடுத்த கடைக்கு நடந்ததும் ஒரு காரணம்.

கள்ளச்சாராயம்

மொத்தமாக மூடி விட்டால்? கள்ளச்சாராயம் தலைதூக்கும் என்பது எதிர்வாதம். கடைகள் திறந்திருந்தபோதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. மலிவு விலைதான் ஏழையை அங்கே இழுத்தது.

வீட்டுக்கு யார் துணை?

மக்காச்சோளக் காட்டு வேலைக்குப் போகும் பெரம்பலூர்க்காரருக்கும், சிமெண்ட் ஆலைக்கு லோடு ஏற்றும் அரியலூர்க்காரருக்கும் கூலி அன்றாடக் கூலி. அதில் ‘குவார்ட்டர்’ போனால் வீட்டில் உலை ஏறாது. கடன், அடிதடி, பிள்ளையின் படிப்பு எல்லாம் மனைவி தலையில்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். குடித்தவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. குடி ஒரு நோய்; திட்டினால் தீராது, வைத்தியம் வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து மனைவி, பிள்ளைகளும் யோசனை கேட்கலாம்.

கடையை மூட அரசின் கையெழுத்து வேண்டும். போன் செய்ய யார் கையெழுத்தும் வேண்டாம்!