சுடு என்றால் சரி, கும்பிடு என்றால்?

விடியற்காலை. தெரணியகலைத் தோட்டமொன்றின் பெரட்டுக்களம். நேற்று கொழுந்து நிறை குறைந்த பெண்ணை நிறுத்திவைத்து, ஊருக்கே கேட்கும்படி ஏசுகிறார்கள். அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது ஒருபக்கம். அந்த ஏச்சு லயம்வரை கூடவே வரும். பெரட்டு என்பது வெள்ளைக்காரனின் 'பரேட்'தான். அவன் போய்விட்டான், பட்டாளத்துப் பழக்கம் போகவில்லை.

அதனால்தான் பட்டாளத்துக் கட்டளை பற்றிய டில்லி வழக்கொன்று நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. இந்திய இராணுவத்தில் 2017இல் அதிகாரியானவர் சாமுவேல் கமலேசன். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், அவர் கீழ் இருந்தவர்கள் சீக்கியர். கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் வீரர்களோடு போவேன், சப்பாத்தையும் பெல்ட்டையும் கழற்றுவேன், தலைப்பாகையும் கட்டுவேன். கருவறைக்குள் நுழைந்து வழிபட மட்டும் மனச்சாட்சி இடந்தராது என்றார். 2021இல் வேலை போனது. 2025 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றமும் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றன.

நாம் அப்படி நினைக்கவில்லை. சாகத் துணிந்த சிப்பாய், தன் சாமியை அதிகாரி மதிக்கிறாரா என்று பார்ப்பது நியாயம். வாசலில் வெறுங்காலோடு நிற்பதும் மதிப்புத்தானே? சுடு என்பது கட்டளை. கும்பிடு என்பதும் கட்டளையானால், மறுப்பவனுக்குப் படையில் இடமில்லை என்றாகிவிடும்.

படையில் மதமும் இனமும் பார்த்த கதை நம் நாட்டிலும் உண்டு. 1955இல் இராணுவத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். 1962 ஜனவரி ஆட்சிக் கவிழ்ப்புச் சதிமுயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தண்டனையை 1965இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் இரத்துச் செய்தது. சந்தேகத்தை யாரும் இரத்துச் செய்யவில்லை. அதிகாரித் தேர்வு சிங்கள பௌத்தர் பக்கமே சாய்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் படையில் சேரலாம் என்று இன்று சொன்னால், லயத்துத் தாய் கேட்பது சம்பளத்தை அல்ல: "அங்க எம்புள்ளைய யாராச்சும் அவமானப்படுத்துனா, யாருகிட்டப் போய்ச் சொல்லுவான்?"

ஏசியவரிடமே முறையிடு என்பது பதிலாகாது. கட்டளைச் சங்கிலிக்கு வெளியே, தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய இடம் வேண்டும். மதச் சடங்கிலிருந்து விலகி நிற்கும் உரிமை எழுத்தில் வேண்டும். ஆட்சேர்ப்பு அதற்குப் பிறகு.

திருச்சபைகள் இதைக் கேட்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு? பிலாத்துவின் அரண்மனையில் ஒரு பட்டாளமே கூடி, ஒற்றைக் கைதிக்குச் சிவப்பங்கி போர்த்தி, முள்முடி வைத்து, கோலால் அடித்துச் சிரித்ததைப் பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு கேட்கிறோம். தன்னிடம் வந்த போர்ச்சேவகரிடம் யோவான்ஸ்நானன் வேலையை விடச் சொல்லவில்லை, யாரையும் கொடுமைப்படுத்தாதே என்றுதான் சொன்னார். அதையெல்லாம் கேட்டு அழுத கணக்கப்பிள்ளையும் கங்காணியும் திங்கட்கிழமை பெரட்டில் என்ன செய்கிறார்கள்? போதகர்மார் இந்த வாரமே அவர்களைக் கூப்பிட்டு ஒன்று சொல்லலாம்: குறை இருந்தால் அந்தப் பெண்ணை ஒப்பீசுக்குள் கூப்பிட்டுச் சொல்லுங்கள், களத்தில் நிறுத்தி வேண்டாம்.