கண்ணாடிக்குக் கீழே ஆதமுடைய மக்கள்



காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹுக்குச் சென்று திரும்பிய நம் கும்மிடிப்பூண்டிக் குடும்பம் ஒன்று, வழியில் ஆதிச்சநல்லூரில் இறங்கிப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தது. இந்தியத் தொல்லியல் துறை 2023இல் அங்கே திறந்த காட்சியிடத்தில், ஈமத்தாழிகள் அவை கிடைத்த குழியிலேயே இருக்க, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று பிள்ளைகள் விரல் காட்டிச் சிரிக்கிறார்கள். “அது மையவாடி அல்லவா?” என்று கேட்டேன். “அவர்கள் என்ன முஸ்லிம்களா, ஹஜ்ரத்?” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதர் என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. கப்ரின்மீது அமர்வதைப் பற்றிய எச்சரிக்கை முஸ்லிம்களின் கப்ருகளுக்கே உரியது என்று ஃபிக்ஹ் நுணுக்கம் பேசுவோர் உண்டு. பேசட்டும். காகத்தைக் கொண்டு அல்லாஹ் அடக்கத்தைக் கற்பித்தது ஆதமுடைய மகனுக்கு. எந்த ஜமாஅத்துக்கும் தனியாக அல்ல.

1857 கிளர்ச்சியில் பங்கேற்றதாக சியால்கோட்டில் பீரங்கி வாயில் வைத்துக் கொல்லப்பட்ட சிப்பாய் ஆலம் பெக்கின் மண்டையோடு, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு மதுக்கடையில் 1963இல் கண்டெடுக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் எழுதிய நூலால் உலகம் அதை அறிந்தது. அவர் பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் ஆதிச்சநல்லூரிலிருந்து எலும்புகளையும் பெர்லினுக்கு அள்ளிச் சென்றார். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அதனால் பதறவில்லை. இது நீதியா?

ஆய்வை நான் எதிர்க்கவில்லை. எலும்பு சொல்லும் நோயும் உணவும் வயதும் அறிய வேண்டிய இல்மே. அறிவதற்கும் வேடிக்கை காட்டுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமே 2020இல் மனித உடல் எச்சங்கள் 120ஐக் காட்சியிலிருந்து அகற்றியது. இங்கே, இது இடுகாடு என்று வாசலிலேயே பலகை வையுங்கள். தாழிகளின் மேல் நடக்க விடாதீர்கள். படம் எடுப்பதைத் தடுங்கள். ஆய்வு முடிந்த எலும்புகளை, அவ்வூர் மக்களைக் கேட்டு, அதே மண்ணில் அடக்குங்கள். இதைக் கேட்டு எழுதும் முதல் மனு நம் ஜமாஅத்தின் பெயரில் போகட்டும். வரும் ஜும்ஆவுக்குப் பின் கையொப்பம் வாங்குகிறேன்.

அந்தப் படம் நேற்றுவரை நீக்கப்படவில்லை.