ஆபத்துக்குப் பாவமில்லையாம்!

இங்கே பெங்களூரில் ஹாம் ரேடியோ நண்பர்கள் சிலர் கூடும்போதெல்லாம் ஒரு பேச்சு வரும். எந்த பேண்டில் எவ்வளவு அகலத்துக்கு டேட்டா அனுப்பலாம் என்று ஆரம்பித்தால் போதும், நம்ம ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர், "அட விடு தம்பி, புயல் வெள்ளம்னு வந்துட்டா எவன் விதியப் பாக்கப் போறான்? ஆபத்துக்குப் பாவமில்லை" என்று முடித்துவிடுவார். எல்லோரும் தலையாட்டிவிட்டு காபிக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன். ஹாம் அல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம், பெரிய கணக்கெல்லாம் இல்லை.

அமெரிக்காக்காரன் கதையைப் பாருங்கள். அங்கே எஃப்சிசி 1980ல் ஒரு விதி போட்டது. ஷார்ட்வேவ் ஹாம் பேண்டுகளில் டேட்டா அனுப்பினால் நொடிக்கு 300 சிம்பலைத் தாண்டக்கூடாது. அதாவது 300 பாட். அன்றைக்கு வீட்டு டெலிபோன் மோடமே அந்த வேகம்தான், அதனால் நியாயமாகப் பட்டிருக்கும். ஆனால் அந்த சிக்னல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை இந்த விதி அளக்கவே இல்லை. லாரி எத்தனை அடி அகலம் என்று பார்க்காமல், டிரைவர் நிமிடத்துக்கு எத்தனை தடவை கியர் மாற்றுகிறார் என்று எண்ணி ஃபைன் போடுகிற மாதிரி.

விளைவு என்ன? பாக்டர்-3 என்ற மோடம் சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். உள்ளே 18 கேரியர்கள், ஒவ்வொன்றும் 100 பாட். சட்டப்படி சரி. அதன் தம்பி பாக்டர்-4ம் அதே 2.4 கிலோஹெர்ட்ஸ்தான், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஆனால் 1800 பாட், அதனால் சட்டவிரோதம்! அதே இடம், பாதி நேரம், அது குற்றம்.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைப் புரட்டிப் போட்டது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் 50 ஹாம்கள் வேண்டும் என்று கேட்டது, இருபது பேருக்குமேல் போனார்கள். யார் யார் உயிரோடு பத்திரமாக இருக்கிறார்கள் என்ற பட்டியலை வெளியே அனுப்புவது அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. அப்போதுதான் எஃப்சிசி மனமிரங்கி, 300 பாட் தடையைத் தற்காலிகமாக விலக்கியது. அண்ணாச்சி சொன்ன அதே கதைதான், ஆபத்துக்குப் பாவமில்லை.

சரி, விலக்கு கிடைத்தது. அந்த மோடம் யாரிடம் இருக்கும்? ஆயிரம் டாலருக்கு மேல் விலை. சாதாரண நாளில் முழு வேகத்தில் அனுப்பினாலே தப்பு என்கிற பெட்டியை எந்த ஹாம் வாங்கி வைத்திருப்பான்? எவன் பழகியிருப்பான்? வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்தபிறகு, "இன்றுமுதல் நீச்சல் கற்றுக்கொள்ள அனுமதி" என்று உத்தரவு போடுவதற்குப் பெயர் கருணையா? 2019 டோரியன், 2021 ஐடா, 2022 இயான் என்று புயலுக்குப் புயல் இதே கூத்து. அங்குள்ள ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல், பாட் கணக்கை விட்டுவிட்டு 2.8 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று வையுங்கள் என 2013லேயே மனு கொடுத்திருந்தது. 2023 நவம்பரில்தான் எஃப்சிசி ஒத்துக்கொண்டது, 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பத்து வருடம் சாமி!

எதிர்த்தவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கி மெயில்பாக்ஸ் நிலையங்கள் மோர்ஸ்காரர்கள் தலைமேல் ஏறி உட்காரும் என்றார்கள். நிஜம்தான், ஆனால் அதற்குத் தனி இடம் ஒதுக்குவதுதான் வழி, அந்த விதியும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இந்த மோடம்களின் பேச்சை மூன்றாமவர் ஒட்டுக்கேட்க முடியாது என்றார்கள். இதில் நானும் பாதி அவர்கள் கட்சி. பொது அலையில் போவது பொதுவில் படிக்க முடிய வேண்டும். ஆனால் பாக்டர்-3ம் அதே ஜெர்மன் கம்பெனியின் சரக்குதானே? வாரா என்ற மென்பொருளும் மூடிய சரக்குதான், மெதுவான பல கேரியர்களாகப் பிரித்து 300 பாட்டுக்குள்ளேயே ஓடியது. 300 பாட் விதி எந்தத் திருடனையும் பிடிக்கவில்லை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் குழுவினர் தற்செயலாக போர்ட் பிளேரில் ஹாம் நிலையத்தோடு இருந்தார்கள். போன் எல்லாம் செத்த நேரத்தில் அவர்கள் அனுப்பிய செய்திகள் எத்தனை குடும்பங்களுக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தன! கையெடுத்துக் கும்பிடலாம். அதற்காக மைக் ஒன்றே போதும் என்று ஆகிவிடுமா? ஹெலிகாப்டரை எங்கே இறக்கலாம் என்று கேட்க மைக்குக்கு நிகர் கிடையாது. ஆனால் ஒரு முகாமில் 200 பேர். முத்துக்கருப்பனை "மைக், யூனிஃபார்ம், டேங்கோ" என்று ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கடுத்து முத்துக்கருப்பி. இரைச்சலில் கடைசி எழுத்து மாறினால் யார் வீட்டுக்கு எந்தச் செய்தி போகும்? பிழை கண்டுபிடித்துத் திரும்பக் கேட்கும் டிஜிட்டல் முறையில் அந்தப் பெயர் சரியாக வரும், அல்லது வராது. தப்பாக வந்து சேர வாய்ப்பு மிக மிகக் குறைவு. 200 பெயர், வயது, ஊர் எல்லாம் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு கிலோபைட். அலை சுமாராக இருந்தாலும் சில நிமிட வேலை.

(எஃப்டி8ல் தினமும் ஐம்பது நாடு பிடிக்கிறேன், நானும் டிஜிட்டல்தான் என்று சொல்லும் நண்பர்களுக்கு: 15 நொடிக்கு 13 எழுத்து. முத்துக்கருப்பன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதோடு சரி, வயதுக்கும் ஊருக்கும் இடமிருக்காது.)

அண்ணாச்சி, அடுத்த பயிற்சிக்கு நான் 200 பெயர் கொண்டுவருகிறேன். நீங்கள் மைக்கோடு வாருங்கள், நான் லேப்டாப்போடு வருகிறேன். சாதாரண ஞாயிற்றுக்கிழமை, சாதாரண விதி, விலக்கு எதுவும் கிடையாது. காபி அதற்கப்புறம்.